விவாகரத்துக்கு லாயர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு தம்பதி பிரிவதென்று ஆகிவிட்டால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் விசாரிப்பது, "நல்லா சண்டை போடுற லாயர் யாராவது தெரியுமா?" என்றுதான். பெரும்பாலான தொல்லைகள் அங்கேயே தொடங்கிவிடுகின்றன. தென்னாப்பிரிக்காவில் விவாகரத்து வாங்க யார் மேல் குற்றம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. திருமணம் இனி ஒட்டவே முடியாதபடி முறிந்துவிட்டது என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்தால் போதும்; 1979ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சொத்திலும் ஜீவனாம்சத்திலும் நடத்தை சில சமயம் கணக்கில் வரும், உண்மைதான். ஆனால் மாமியார் சொன்னது, மைத்துனர் செய்தது என்று பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதும் லாயர், ஒவ்வொரு கடிதத்துக்கும் உங்களிடம்தான் பணம் வாங்குகிறார்.

பிள்ளைகள் இருந்தால் இந்தச் சண்டைக்கார லாயர் இன்னும் ஆபத்து. பிள்ளைகளுக்கான ஏற்பாடு சரியாக இருக்கிறது என்று திருப்திப்படும் வரை நீதிமன்றம் விவாகரத்துத் தராது. குடும்ப அட்வகேட் என்ற அரசு அலுவலகம் ஒன்று இருக்கிறது. விசாரணை தேவைப்பட்டால் அங்குள்ள வழக்கறிஞரும் சமூகப் பணியாளரும் தாய், தகப்பன் இருவரிடமும், வயதைப் பொறுத்துப் பிள்ளைகளிடமும் பேசிவிட்டு, பிள்ளைக்கு எது நல்லது என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. அந்த அறிக்கைக்கு நீதிபதி நல்ல மதிப்புக் கொடுப்பார். பிள்ளையின் அப்பாவையோ அம்மாவையோ இழிவாகப் பேசி உங்கள் பெயரில் போன கடிதங்கள் அப்போது உங்களுக்கு எதிராகவே பேசும். "பிள்ளையைக் கண்ணில் காட்டாதீங்க, தானா வழிக்கு வருவார்" என்று ஒரு லாயர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நீதிமன்ற உத்தரவை மீறிப் பிள்ளையைப் பார்க்க விடாமல் தடுப்பது குழந்தைகள் சட்டப்படி குற்றம்.

அதனால் முதல் சந்திப்பில் லாயர் எவ்வளவு காரமாகப் பேசுகிறார் என்று பார்க்காதீர்கள், என்ன கேட்கிறார் என்று பாருங்கள். பிள்ளைக்கு என்ன வயது, பள்ளியிலிருந்து யார் அழைத்து வருகிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுகிறார்கள், தாத்தா பாட்டி வீடு எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்பவர் வேலை தெரிந்தவர். இதையெல்லாம் கேட்காமலே "பிள்ளை உங்களுக்குத்தான், நான் கேரண்டி" என்பவரை நம்ப வேண்டாம். தாய் என்பதால் மட்டும் பிள்ளை தாயிடம் போய்விடாது. பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்வது, போய்ப் பார்த்துப் பழகுவது, பாதுகாவலர் உரிமை என்று மூன்றையும் சட்டம் தனித்தனியாகவே பார்க்கிறது. பிள்ளை ஒருவரிடம் வளர்ந்தாலும் பெரும்பாலும் இருவருமே பாதுகாவலர்களாக நீடிப்பார்கள். பாஸ்போர்ட் எடுக்கவும் பிள்ளையை நாட்டைவிட்டு அழைத்துப்போகவும் இருவர் சம்மதமும் வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ போகும் எண்ணம் இருந்தால் அதை முதல் நாளே லாயரிடம் சொல்லிவிடுங்கள்.

நம் சமூகத்துக்கு இன்னொன்று மிக முக்கியம். உங்கள் திருமணம் சட்டப்படி எந்த வகை என்று லாயர் கேட்கிறாரா? கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணம் செல்லாது என்று 1913இல் கேப் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காந்தியின் போராட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மை போன்ற நம் பெண்கள் சிறைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அவ்வளவு நடந்தும், இன்றைக்கும் கோயிலில் தாலி கட்டியதோடு பதிவு செய்யாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு திருமணத்துக்கு விவாகரத்துக் கேட்டுப் போன பெண்ணுக்கு, 2007இல் டர்பன் உயர் நீதிமன்றம் அதைத் தர மறுத்தது. அதற்காக எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். குழந்தைகள் சட்டம் சமய முறைப்படி நடந்த திருமணத்தையும் திருமணமாகவே எடுத்துக்கொள்கிறது; பிள்ளைகளின் உரிமை குறையாது. ஆனால் எந்த வழியில் போவது என்பது முற்றிலும் மாறும். இதைத் தெரியாத லாயர் தவறான வழக்கைப் போட்டு உங்கள் காலத்தை வீணாக்கிவிடுவார்.

பதிவான திருமணம் என்றால், கல்யாணத்துக்கு முன்பு ஒப்பந்தம் எழுதினீர்களா என்பது அடுத்த கேள்வி. எழுதாவிட்டால் சொத்தும் கடனும் இருவருக்கும் பொது. எழுதியிருந்தால் அந்தக் காகிதத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். அப்புறம் பென்ஷன். இங்கே பலருக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய சொத்து அதுதான். பென்ஷன் நிதியின் பெயரையும் துணைவருக்குள்ள பங்கையும் விவாகரத்து உத்தரவில் சரியான சொற்களில் எழுதாவிட்டால், அந்த நிதி பணத்தைப் பிரித்துத் தர மறுத்துவிடும். விவாகரத்து வேலையில் பழக்கமில்லாதவர்கள் சறுக்கும் இடம் இது. வீடு வாங்கியபோது பத்திர வேலை பார்த்தார் என்பதற்காக அதே லாயரிடம் போவது இதனால்தான் சரியில்லை.

சொந்தக்காரர், கோயில் கமிட்டியில் இருப்பவர் என்று தேடிப் போவதும் வேண்டாம். நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் வருமானம், கடன், படுக்கையறைச் சண்டை எல்லாம் தெரிந்த ஒருவரை அடுத்த காவடித் திருவிழாவில் நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும். இருவருக்கும் ஒரே லாயர் என்பது, எல்லாம் பேசி முடிந்து எழுதிக் கையெழுத்திடுவது மட்டும் பாக்கி என்றால் சரி. கருத்து வேறுபாடு ஒன்று மிச்சமிருந்தாலும் ஆளுக்கொருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பேசக் கூச்சப்படாதீர்கள். மணிக்கு எவ்வளவு, போன் பேசினால் எவ்வளவு, நீதிமன்றத்தில் வாதாட அட்வகேட் ஒருவரை அமர்த்தினால் அவருக்குத் தனியாக எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். "ஜெயித்தால் பங்கு தாருங்கள்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குடும்ப வழக்குகளுக்கு அந்த முறையை இந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கவில்லை. 2010 முதல் பிராந்திய நீதிமன்றங்களும் விவாகரத்தை விசாரிக்கின்றன, பொதுவாகச் செலவு குறைவு. உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் ஏன் என்று கேளுங்கள். கையில் காசில்லாத மனைவி, வழக்கு முடியும் வரை இடைக்காலப் பராமரிப்போடு வழக்குச் செலவுக்கும் கணவர் பணம் தர வேண்டும் என்று விதி 43இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். பிராந்திய நீதிமன்றத்தில் அதற்கு விதி 58. இதை லாயர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். பிள்ளைக்கான மாதப் பணத்துக்கு மட்டும் என்றால் பராமரிப்பு நீதிமன்றத்துக்கு லாயர் இல்லாமலே போகலாம். அடி உதை என்றால் பாதுகாப்பு உத்தரவுக்கும் லாயர் தேவையில்லை, காத்திருக்காதீர்கள்.

முன்பணம் கட்டும் முன், அவரிடம் இந்த ஆண்டுக்கான ஃபிடிலிட்டி ஃபண்ட் (லாயர் கையாடிய கட்சிக்காரர் பணத்துக்கு ஈடு தரும் நிதி) சான்றிதழ் இருக்கிறதா, லாயர்களைக் கண்காணிக்கும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் லாயரை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பாக்கியைத் தீர்க்கும் வரை பழைய லாயர் ஃபைலைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியும். ஆகவே சம்மன், பிரமாணப் பத்திரம், கடிதம் எதுவானாலும் வந்த அன்றே உங்களுக்கு ஒரு நகல் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.