அப்பாவுக்கு எழுதிய திட்டுக் கடிதம்

அப்பா இறந்தபோது நான் அழவில்லை. ஐஸ் பெட்டி, பந்தல், பதினாறாம் நாள் சாப்பாடு, வங்கிக் கணக்கு என்று ஓடிக்கொண்டே இருந்தேன். "மூத்தவன் கல்லு மாதிரி நிக்கிறான்" என்று சித்தப்பா வேறு பெருமையாகச் சொல்லிவிட்டார்.

ஆறு மாதம் கழித்துத்தான் ஆரம்பித்தது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, எதைத் தின்றாலும் மண் மாதிரி, குளிக்கக்கூட மனசில்லை. முதலில் ரத்தத்தில் தைராய்டு, வைட்டமின் பி12 பார்த்தேன் (பார்ப்பது நல்லதுதான், தைராய்டு குறைந்தாலும் இப்படி இருக்கும்), நார்மல். மனநல மருத்துவர் மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்க, கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்வி உள்ள படிவம் கொடுத்தார், 27-க்கு 16 வந்தது (எண் கூடினால் சோர்வும் கூடுதல்). மாத்திரையில் தூக்கம் சரியானது, பாரம் அப்படியே.

கவுன்சலரிடம் ஐந்தாவது முறை போனபோதுதான் பிடிபட்டது. அப்பா தங்கமான மனிதர் என்று நான் அளந்துகொண்டிருக்க, "அவர் மேல கோபமே வந்ததில்லையா?" என்றார். சரி, கொட்டிவிட்டேன். என் படிப்பை அவர் பாதியில் நிறுத்தியது, கடைசி வாரம் அவர் கூப்பிட்ட போனை நான் எடுக்காதது, எல்லாம். செத்தவரைத் திட்டக்கூடாது என்று அந்தக் கோபத்தை என் மேலேயே திருப்பி வைத்திருந்திருக்கிறேன்.

தினம் அரைப் பக்கம் அப்பாவைத் திட்டிக் கடிதம் எழுதச் சொன்னார். நான்காம் நாள் அழுத அழுகையில் மனைவி பயந்துபோனாள்.

மாத்திரையை நானாக நிறுத்தவில்லை, மருத்துவர் மெல்லக் குறைத்தார். அந்த 16 இப்போது 5. மூன்று மணி விழிப்பு எப்போதாவது வரும், அப்போது நோட்டை எடுத்துக்கொள்வேன்.