‘உடம்பு தேறட்டும், அப்புறம் போடலாம்’: கொரோனா தடுப்பூசியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மாவுக்குக் கீமோ நடந்துகொண்டிருந்த மாதங்களில்தான் கொரோனா தடுப்பூசி பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ‘இருக்கிற மருந்தே உடம்பைப் படுத்துகிறது, இதையும் ஏன் ஏற்ற வேண்டும்? தேறட்டும், அப்புறம் போடலாம்.’ அடுத்த முறை போனபோது அவருடைய மருத்துவர் கேட்டார்: “யார் தள்ளிப்போடச் சொன்னது?” யாருமே சொல்லவில்லை. நாங்களாகவே முடிவு செய்திருந்தோம். இரண்டு கீமோ சுற்றுகளுக்கு நடுவில் ஒரு நாளை அவரே குறித்துக் கொடுத்தார். ஊசி போட்ட அன்று கை வலித்தது, இரவில் லேசான காய்ச்சல். மறுநாள் மாலைக்குள் சரியாகிவிட்டது.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைக் கவனித்து வருகிறேன். யாருக்குக் கொரோனா அதிக ஆபத்தோ, அவர்கள்தான் தடுப்பூசியிலிருந்து தள்ளி நிற்கிறார்கள். வீட்டுக்குள் பயத்தால் தள்ளி வைக்கிறோம். வெளியே அவர்களை யாரும் நினைத்துப் பார்க்காததால் விடுபட்டுப் போகிறார்கள்.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது. முடிந்தது அவசர நிலைதான். கிருமி எங்கும் போய்விடவில்லை. ஆரோக்கியமான இளைஞருக்கு அது இன்று சில நாள் காய்ச்சலாகக் கடந்து போகலாம். முதியவர்கள், சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள், மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு அப்படி இல்லை. அதனால் கீழே சொல்லப்போகும் தவறுகளைப் பழைய கதையாக நினைக்க வேண்டாம்.

பலவீனமான உடம்புக்கு ஊசி ஆபத்து என்ற எண்ணம்

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்ற சில தடுப்பூசிகளில் வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள கிருமி இருக்கும். எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு அவற்றைப் பொதுவாகப் போட மாட்டார்கள். ‘எதிர்ப்பு சக்தி இல்லையென்றால் தடுப்பூசி கூடாது’ என்று பலர் மனத்தில் பதிந்திருப்பது இதனால்தான்.

ஆனால் உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்பட்ட கொரோனா தடுப்பூசிகள் அந்த வகை அல்ல. எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் கிருமியே கிடையாது. கிருமியின் மேலிருக்கும் முள் போன்ற புரதத்தை உருவாக்கச் சொல்லும் குறிப்பு மட்டுமே இருக்கிறது. அந்தக் குறிப்பும் சீக்கிரமே சிதைந்துவிடும். செயலிழக்கச் செய்த கிருமியைக் கொண்டவற்றில் கிருமி செத்துப்போனது. ஆஸ்ட்ராசெனெகா போன்றவற்றில் பெருக முடியாதபடி மாற்றப்பட்ட வேறொரு கிருமி வாகனமாக மட்டும் பயன்பட்டது. இவற்றில் எதுவும் உடம்புக்குள் போய்க் கொரோனாவாக மாற முடியாது, உடம்பு எவ்வளவு பலவீனமாக இருந்தாலும் சரி.

அப்படியானால் யாருக்குத்தான் போடக் கூடாது? முந்தைய தவணைக்கோ தடுப்பூசியிலுள்ள ஒரு பொருளுக்கோ கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள், அந்த வகையைத் தவிர்க்க வேண்டும். கடும் காய்ச்சலில் இருப்பவர்கள் அது தணியும்வரை காத்திருக்கலாம். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சில மாத இடைவெளி தேவைப்படும். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதயத்தில் ஸ்டென்ட் என்று மக்கள் சொல்லும் தயக்கங்கள் ஒவ்வொன்றும் ஊசி போட்டுக்கொள்ளக் காரணமானவை. தள்ளிப்போடக் காரணமானவை அல்ல.

சில நடைமுறை விஷயங்களும் இருக்கின்றன. டயாலிசிஸுக்காக ஒரு கையில் ஃபிஸ்டுலா என்ற ரத்தக்குழாய் இணைப்பு வைத்திருந்தால் ஊசியை மறு கையில் போடச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்த வேண்டியதில்லை. முன்கூட்டியே சொன்னால் மெல்லிய ஊசியைப் பயன்படுத்துவார்கள், போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடித்தால் போதும். ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டலாம். மார்பகப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் ஊசி போட்டுக்கொண்ட தேதியைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வீக்கம் வீண் பயத்தைக் கிளப்பும்.

மருந்தைத் தானாக நிறுத்துவது

மூட்டுவாதத்துக்கு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைச் சாப்பிடுகிறவர்களிடையே இது அதிகம். ஊசி போட்ட பிறகு இரண்டு வாரம் அந்த மருந்தை நிறுத்தினால், கிருமியை எதிர்க்க ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருள் இரண்டு மடங்காகக் கூடுகிறது என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்று 2022-ல் காட்டியது உண்மைதான். ஆனால் நிறுத்தியவர்களில் சிலருக்கு மூட்டுவலி மறுபடி கிளம்பவும் செய்தது. நோய் கட்டுக்குள் இருப்பவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. ரிடுக்சிமாப் என்ற ஊசிமருந்தை எடுப்பவர்களுக்குக் கணக்கே வேறு: எதிர்ப்புப் பொருளை உருவாக்கும் செல்களையே அந்த மருந்து பல மாதங்களுக்குக் காலி செய்துவிடுகிறது. அதனால் அடுத்த ஊசிமருந்துக்குச் சில வாரம் முன்பாகத் தடுப்பூசி போட்டுக்கொள்வதுபோல் திட்டமிடுவார்கள். மாற்று உறுப்பு பொருத்தியவர்கள், உடம்பு அந்த உறுப்பை நிராகரிக்காமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையில் கை வைக்கவே கூடாது. ஒரு தடுப்பூசிக்காகப் பொருத்திய சிறுநீரகத்தையே இழக்க நேரிடும். எந்த நாளில் போடுவது என்ற முடிவை, மருந்து எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

போட்டாயிற்று, இனிக் கவலையில்லை

எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களைப் பொறுத்தவரை, மேலே சொன்ன பயத்தைவிட இந்த நிம்மதி ஆபத்தானது. மாற்று உறுப்பு பொருத்தியவர்களிடம் 2021-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், முதல் எம்ஆர்என்ஏ தவணைக்குப் பிறகு 17 சதவீதத்தினருக்குத்தான் எதிர்ப்புப் பொருள் உருவாகியிருந்தது. இரண்டாவது தவணைக்குப் பிறகும் 54 சதவீதம்தான். சாதாரணமாக ஏறக்குறைய எல்லோருக்கும் உருவாகும் ஒன்று இவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு உருவாகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் இவர்களுக்கு மூன்றாவது தவணை அனுமதிக்கப்பட்டது இந்தக் காரணத்தால்தான்.

இதைப் படித்துவிட்டு ‘அப்போது போட்டு என்ன பயன்’ என்று கேட்கலாம். எதிர்ப்புப் பொருள் ஒன்றுதான் பாதுகாப்பு என்று இல்லை. டி செல்கள் என்ற இன்னொரு படையும் இருக்கிறது, வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது தெரிவதில்லை. அதனால் எதிர்ப்புப் பொருள் அளவைச் சோதித்துப் பார்த்து ‘எனக்கு நிறைய இருக்கிறது, வேண்டாம்’ என்றோ ‘எதுவும் இல்லை, வீண்’ என்றோ முடிவெடுப்பது சரியல்ல. அந்தப் பரிசோதனையில் காசு போவதுதான் மிச்சம்.

அரைகுறையாகக் கிடைக்கும் பாதுகாப்பைச் சுற்றியிருப்பவர்கள்தான் முழுமையாக்க வேண்டும். வீட்டிலிருப்பவர்கள், கவனித்துக்கொள்ள வருகிறவர்கள் தங்கள் தவணைகளைப் போட்டிருப்பது, இருமல் வந்தால் அந்த அறைக்குள் போகாமலிருப்பது, சன்னலைத் திறந்து வைப்பது, மருத்துவமனைக்குப் போகும்போது நன்றாகப் பொருந்தும் முகக்கவசம் போடுவது எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

2021-ல் போட்ட ஊசி இன்றும் காக்கும் என்று நம்புவதும் இதன் உடன்பிறப்புதான். பாதுகாப்பு மாதங்கள் போகப் போகக் குறைகிறது, கிருமியும் உருமாறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 பரிந்துரையில் மிக வயதானவர்களுக்கும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை மறுதவணை உண்டு. ஒவ்வொரு கர்ப்ப காலத்திலும் ஒரு தவணை உண்டு. நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. தொடக்கத்தில் நடந்த பெரிய பரிசோதனைகளில் அவர்களைச் சேர்க்கவில்லை. பயம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. பின்னால் வந்த தகவல்கள் தெளிவாக இருக்கின்றன: கர்ப்ப காலத்தில் கொரோனா வந்தால் தீவிர சிகிச்சை தேவைப்படவும் குழந்தை இறந்து பிறக்கவும் வாய்ப்பு கூடுகிறது. தடுப்பூசியால் அப்படிக் கூடவில்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்தத் தடுப்பூசி கிடையாது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போகும் எதிர்ப்புப் பொருள்தான் அந்தக் குழந்தைக்கு ஊசி மூலம் கிடைக்கும் முக்கியப் பாதுகாப்பு.

‘ஒன்றுமே ஆகாது’ என்று சொல்லிக் கூட்டிப்போவது

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் பக்க விளைவை மறைத்துக் கூட்டிப்போனவர் காய்ச்சல் வந்ததும் ஏமாந்ததாக உணர்வார், அடுத்த தவணைக்கு வர மாட்டார். கை வலி, காய்ச்சல், அசதி ஓரிரு நாள் இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். அரிதான பெரிய விளைவுகளையும் சொல்ல வேண்டும். எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்குப் பிறகு, பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, அதிலும் இரண்டாவது தவணை முடிந்த சில நாட்களில், இதயத் தசையில் அழற்சி வந்திருக்கிறது. ஆஸ்ட்ராசெனெகா, ஜான்சன் தடுப்பூசிகளுக்குப் பிறகு மிகச் சிலருக்கு ரத்தத் தட்டணுக்கள் குறைந்து ரத்தக் கட்டி உருவாகி உயிரிழப்பும் நேர்ந்தது. அதனால் டென்மார்க் 2021 ஏப்ரலில் ஆஸ்ட்ராசெனெகாவை நிறுத்தியது. நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், விடாத கடும் தலைவலி, கால் வீக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை ஒவ்வொருவரிடமும் சொல்வது அவசியம். ஊசி போட்ட பிறகு 15 நிமிடம் உட்காரச் சொல்வதும், முன்பு கடும் ஒவ்வாமை வந்தவர்களை 30 நிமிடம் உட்காரச் சொல்வதும் சடங்கு இல்லை. ஒவ்வாமை வந்தால் அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் வரும்.

‘அந்த மக்கள் போட்டுக்கொள்ள மாட்டார்கள்’

எனக்கு அதிகம் வலிக்கும் தவறு இதுதான். விளிம்பிலிருக்கும் ஒரு சமூகத்தில் தடுப்பூசி விகிதம் குறைவாக இருந்தால் உடனே ‘தயக்கம்’, ‘அறியாமை’ என்று எழுதிவிடுகிறோம். அவர்கள் ஊசி போடும் இடத்துக்கு எப்படி வர முடியும் என்று கேட்பதில்லை. பதிவு செய்யக் கைபேசிச் செயலி. அடையாள அட்டை கட்டாயம். வேலை நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் மையம். புரியாத மொழியில் படிவம். தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஊசிக்கு ஒரு நாள், காய்ச்சலுக்கு ஒரு நாள் என்று இரண்டு நாள் கூலி போகும். ஆவணமில்லாத புலம்பெயர்ந்தவருக்கு அடையாள அட்டை கேட்கும் மேசையே அச்சம். படுக்கையிலிருப்பவருக்கு இரண்டாவது மாடியிலிருந்து இறங்குவதே பெரும்பாடு. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் காது கேளாதவர், முகக்கவசம் போட்ட செவிலியர் சொல்வதை எப்படி அறிவார்? இதில் எதையும் தயக்கம் என்று சொல்ல முடியாது.

உண்மையிலேயே நம்பிக்கையின்மை இருக்கும் இடங்களில் அதற்கு வரலாறும் இருக்கிறது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் இருந்த நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் கிடைத்த பிறகும் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு சுகாதாரத் துறையே பார்த்துக்கொண்டிருந்தது. 2011-ல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின் லேடனைத் தேட, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முகாமைப் போர்வையாக்கியது அமெரிக்க உளவு அமைப்பு. போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போனவர்கள் அதற்குப் பிறகு உயிரையே விலையாகக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட அனுபவத்தைச் சுமக்கும் மக்களிடம் அறிவியல் படித்துக் காட்டினால் போதாது. அவர்கள் நம்பும் ஒருவர், அவர்கள் மொழியில், கேள்விக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்ல வேண்டும். ஒரே உட்காரலில் முடியும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

தேடிப் போனால் கண்ணுக்குத் தெரியாதவர்களும் தெரிவார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் குறைபாடு உள்ளவர்கள் கொரோனாவில் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் பத்து மடங்கு என்று பிரிட்டனில் 2020-ல் தெரியவந்தது. 2021 பிப்ரவரியில், மருத்துவர்களின் பதிவேட்டில் இருக்கும் அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு கொண்ட எல்லோரையும் முன்னுரிமையில் சேர்க்கச் சொன்னார்கள். வயதை மட்டும் வைத்து வரிசை போட்டிருந்தால் இந்தக் குறைபாட்டோடு முப்பது வயதில் இருக்கும் ஒருவர் கடைசியில்தான் வந்திருப்பார். ‘எங்கள் பகுதியில் 80 சதவீதம் முடிந்தது’ என்று பெருமைப்படும்போதும் இதைக் கேளுங்கள்: மீதி 20 சதவீதம் யார்? பெரும்பாலும் அவர்கள் ஒரே முதியோர் இல்லத்திலோ, ஒரே தொழிலாளர் தங்குமிடத்திலோ, ஒரே சிறையிலோ நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். சராசரி அவர்களை மறைத்துவிடும்.

நோய் வந்த பிறகு இழக்கும் ஐந்து நாட்கள்

கொரோனாவுக்குத் தரும் பாக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். ‘சளிதானே, பார்க்கலாம்’ என்று மூன்று நாள், பரிசோதனைக்கு ஒரு நாள், மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் என்றால் அந்த வாய்ப்பு போய்விடும். அதிலும் மாற்று உறுப்பைக் காக்க டாக்ரோலிமஸ் மருந்தைச் சாப்பிடுகிறவருக்குப் பாக்ஸ்லோவிட் சேர்ந்தால், ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளோடும் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் சில மாத்திரைகளோடும் சிக்கல் உண்டு. அவர்களுக்கு ரெம்டெசிவிர் போன்ற மாற்று வழி இருக்கிறது.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தை அளக்கும் ஆக்சிமீட்டரை வீட்டில் வைத்திருப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கருவி காட்டிய அளவு 92 முதல் 96 வரை இருந்த நோயாளிகளின் ரத்தத்தை நேரடியாகச் சோதித்தபோது, உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம் என்று 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. கருமையான தோலில் அந்தக் கருவி அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். குளிர்ந்த விரல், நகப்பூச்சு இரண்டும்கூட அளவைக் கெடுக்கும். எண் நன்றாக இருந்தாலும் மூச்சு வாங்கினால், உதடு நீலமானால், பேச்சு குழறினால் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது அம்மா சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரும் அளவும், கடைசித் தடுப்பூசித் தேதியும், ‘காய்ச்சல் வந்தால் முதல் நாளே யாரை அழைப்பது’ என்ற எண்ணும் ஒரே தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. ஊசி போட்டாலும் மருந்து மாறினாலும் யாராவது பேனாவை எடுத்துத் தாளைத் திருத்திவிடுகிறோம்.