தீயணைப்பு வீரர்களுக்கு மரியாதை செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அப்பா தீயணைப்பு வண்டி ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ஏப்ரல் 14 அன்றும், வீட்டில் மாங்காய்ப் பச்சடி தயாராவதற்கு முன்பே, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு பழைய நிலையத்துக்குக் கிளம்பிவிடுவார். அன்று தீத்தொண்டு நாள். பணியில் இறந்த வீரர்களுக்காக அங்கே நடக்கும் நீத்தார் நினைவு நிகழ்ச்சிக்கு நாற்காலி போடுவது, பெயர் அச்சடிப்பது, பழைய ஆட்களைத் தேடிப் பிடித்து அழைத்து வருவது என்று ஊர் நண்பர்கள் சிலரோடு நானும் சில வருடங்களாக உதவி வருகிறேன். நல்ல மனதோடு செய்கிற காரியத்திலேயே எத்தனை பேரை நோகடித்துவிடலாம் என்பதை அங்கேதான் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, அந்த நாளைக் கொண்டாட்டமாக நினைப்பது. புத்தாண்டு வாழ்த்தையும் தீத்தொண்டு நாள் வாழ்த்தையும் ஒரே படத்தில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அனுப்புகிறவர் மனதில் இருப்பது மரியாதைதான். ஆனால் அது துக்க நாள். 1944இல் இதே தேதியில், பம்பாய் விக்டோரியா கப்பல் துறையில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற சரக்குக் கப்பல் நின்றிருந்தது. உள்ளே ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருள். அதோடு பருத்திப் பொதிகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும். பிற்பகல் 2 மணி வாக்கில் புகை தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் ஹோஸ் போட்டுத் தண்ணீர் அடித்தார்கள், அடித்துக்கொண்டே இருந்தார்கள். அடியில் தீ எங்கே பிடித்திருக்கிறது என்பது புகையில் பிடிபடவில்லை. 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. ஏறக்குறைய அரை மணி நேரத்தில் இன்னொரு வெடிப்பு. 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். அந்த அதிர்வு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி சிம்லாவில் இருந்த நிலநடுக்கமானியில் பதிவானது.

இந்தக் கதையைச் சொல்வதிலும் ஒரு பிழை நடக்கிறது. அந்தக் கப்பலில் தங்கக் கட்டிகளும் இருந்தன. மேடையேறுகிறவர்கள் தங்கம் சிதறியதையும் பிறகு கடலடியில் கிடைத்ததையும் சுவையாக விவரித்துவிட்டு, இறந்தவர்களை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். தங்கத்தை விட்டுவிடலாம். தீயின் மூலத்தைக் கண்டுபிடிக்க முடியாமல், ஆனாலும் நகராமல் நின்று தண்ணீர் அடித்த அந்த இரண்டு மணி நேரத்தைச் சொல்லுங்கள். கேட்கிற பள்ளிப் பிள்ளைகளுக்கு அது போதும்.

மே 4 சர்வதேச தீயணைப்பு வீரர் நாள். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 1998 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் லின்டனில் காட்டுத்தீயில் ஐந்து வீரர்கள் இறந்த பிறகு பிறந்த வழக்கம். சிவப்பு நீல ரிப்பன் அணிவது அந்த நாளுக்கு உரியது. சிவப்பு நெருப்புக்கு, நீலம் தண்ணீருக்கு.

அப்புறம், பம்பாயோடு நின்றுவிடுவது. சென்னை எழும்பூர் தலைமையகத்தில் மலர்வளையம் வைக்கும்போது நம் மாநிலத்தில் போனவர்களையும் சேர்த்துத்தான் வணங்குகிறார்கள். உள்ளூர் நிகழ்ச்சிகளில் அது விடுபட்டுவிடுகிறது. 2020 தீபாவளி சமயத்தில் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன வீரர்கள் மீது பழைய கட்டடம் இடிந்து விழுந்து இருவர் இறந்தார்கள். ஊரே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த நேரம். அதே ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்தில் கிணற்றுக்குள் சிக்கியவரை மீட்க இறங்கிய ஒரு வீரர் திரும்பி வரவில்லை. இது நெருப்பே இல்லாத சாவு. துறையின் பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைதான். கிணற்றில் இறங்கியவரைப் பற்றி “தீயோடு போராடி” என்று பேசினால், கேட்கிற குடும்பத்துக்கு எப்படி இருக்கும்? எப்படி இறந்தார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுவதுதான் குறைந்தபட்ச மரியாதை.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருடம் நாங்கள் அடித்த ஃபிளெக்ஸில் பணியில் இறந்த ஒருவருடைய படம் இருந்தது. நிகழ்ச்சி முடிந்து பந்தலைப் பிரிக்கும் நேரம். அவருடைய மனைவி ஃபிளெக்ஸ் பக்கம் போய், எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும், “எங்க மாமனார் பேரு கோவிந்தன், தம்பி. கே இல்லை, கோ” என்றார். கணவருடைய இனிஷியலில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அவர் கோபப்படவில்லை. அந்த ஃபிளெக்ஸை வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டும் போனார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அச்சுக்குப் போகுமுன் பெயர், இனிஷியல், பதவி, இறந்த தேதி நான்கையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, வீட்டுக்கே எடுத்துப் போய்க் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் அச்சகத்துக்குக் கொடுப்போம். நிலையத்தில் உள்ள பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். பதவியைத் தவறாகப் போடுவதும் சின்ன விஷயம் இல்லை. தீயணைப்போர் வேறு, முன்னணி தீயணைப்போர் வேறு, நிலைய அலுவலர் வேறு. பல வருடம் காத்திருந்து வாங்கிய உயர்வை நாம் ஒரு வார்த்தையில் பறித்துவிடக் கூடாது.

குத்துவிளக்கு ஏற்றும் நேரத்தைக் கவனியுங்கள். அலுவலர்கள், சேர்மன், கவுன்சிலர், சங்கத் தலைவர் என்று மெழுகுவத்தி கை மாறிக்கொண்டே போகும். உயிரைக் கொடுத்தவரின் மனைவி தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது அவரைக் கூப்பிடலாம் என்றால், “அவங்க எப்படி…” என்று ஒரு குரல் தயங்கும். இந்தத் தயக்கத்துக்கு ஒரு நொடிகூட இடம் தரக் கூடாது என்பது என் கருத்து. அவருடைய கணவருக்காக ஏற்றும் விளக்கு அது. முதல் திரியை ஏற்ற அவரைவிட உரிமை உள்ளவர் யார்? ஆனால் இதையும் முந்தைய நாளே அவரிடம் கேட்டுவிடுங்கள். விருப்பம் இல்லை என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். அதேபோல், “நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா” என்று முன்னறிவிப்பில்லாமல் மைக்கை நீட்டாதீர்கள். விபத்து நடந்த இடத்தின் வீடியோவைத் திரையில் ஓடவிடவே கூடாது. அந்தக் காட்சியை மறக்கத்தான் அவர்கள் வருடக்கணக்கில் முயன்றுகொண்டிருப்பார்கள்.

ஓய்வு பெற்றவர்கள் விஷயத்தில் நடக்கும் தவறுகள் வேறு மாதிரி. ஏப்ரல் வெயிலில் காலை 8 மணிக்கு வரச்சொல்லிவிட்டு, சிறப்பு விருந்தினருக்காகப் பத்தரை வரை உட்கார வைக்கிறோம். இவர்களில் பலர் மூச்சுக்கருவி எல்லா நிலையங்களுக்கும் வராத காலத்தில், ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு கீற்றுக்கொட்டகைப் புகைக்குள் போனவர்கள். அப்பாவுக்கு இன்றும் மார்கழிப் பனி ஆகாது. அப்படிப்பட்டவர்களை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் சாம்பிராணி போடுகிறோம். விருந்தினர் காரை விட்டு இறங்கும்போது தீயணைப்பு நிலைய வாசலிலேயே சரவெடி கொளுத்தியதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். நேரத்துக்குத் தொடங்குங்கள். நிழலில் முதுகு சாய்கிற நாற்காலி போடுங்கள். சால்வையை விட மோர் முக்கியம்.

புகைப்படத்துக்கு நிற்கும்போது ஓட்டுநர் மறக்கப்படுவதை நான் சொல்லாமல் இருக்க முடியாது. ஹோஸைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறவர்தான் எல்லார் கண்ணுக்கும் தெரிவார். வண்டியோடு வெளியே நின்று பம்பை இயக்கி, அழுத்தம் குறையாமல், டேங்கில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பவர் ஓட்டுநர். தண்ணீர் நின்றால் உள்ளே போனவர் நெருப்புக்கு நடுவே வெறும் குழாயோடு நிற்பார். ‘களத்தில் நின்றவர்கள்’ என்று பட்டியல் போடும்போது ஓட்டுநரையும், நிலையத்தில் போனை எடுத்து வழி கேட்டு வண்டியை அனுப்பியவரையும் சேர்த்து எழுதுங்கள்.

மேடையில் வாக்குறுதி கொடுப்பது இன்னொன்று. “குடும்பத்துக்கு எல்லா உதவியும் செய்வோம்” என்று மைக்கில் சொல்வது எளிது. அடுத்த மாதம் குடும்ப ஓய்வூதியத் தாள்களை எடுத்துக்கொண்டு கருவூலத்துக்கும் வங்கிக்கும் அலையும்போது கூட வருகிறவர் ஒருவர் போதும். வயதானவர்களை, உயிரோடு இருப்பதை நேரில் காட்டும் வருடாந்திர ஓய்வூதியர் நேர்காணலுக்கு வண்டியில் அழைத்துப் போய்க் கூட்டி வாருங்கள். அந்த ஒரு காலைப் பொழுதுக்கு அவர்கள் காட்டும் நன்றி, எந்தச் சால்வைக்கும் காட்டியதில்லை.

ஓய்வு பெற்றவர்களிடம் கேட்பதற்கும் நிறைய இருக்கிறது. “உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்றால் அப்பா இரண்டு வரியில் முடித்துவிடுவார். “கடைத்தெருவுக்குள்ள வாட்டர் டெண்டர் வண்டி எந்தச் சந்து வழியா திரும்பும்? முன்னாடி எந்தக் குளத்துல தண்ணி எடுப்பீங்க?” என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டபோது, ஒரு மணி நேரம் பேசினார். தாளை வாங்கி வரைபடமே போட்டுக் கொடுத்தார்.

கடைசியாக ஒன்று. நிலையத்தில் நிகழ்ச்சி நடத்தும்போது வண்டி வெளியேறும் வாசலில் பந்தலோ கோலமோ நாற்காலியோ இருக்கக் கூடாது. அலங்காரத் துணியை வண்டியில் கட்டவே கூடாது. ஒரு வருடம் இரண்டு நிமிட மௌன அஞ்சலி நடந்துகொண்டிருந்தபோது ஃபயர் கால் வந்தது. வைக்கோல் போர். மணி அடித்ததும் வரிசையில் நின்ற பையன்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டே ஓடினார்கள். இன்ஜின் உறுமியது. வாசலில் நாங்கள் போட்டிருந்த ஐந்தாறு நாற்காலிகளை இழுத்துப் போடுவதற்குள் சில நொடிகள் போய்விட்டன. வண்டி சைரனோடு வெளியேறிப் போனதும் பந்தலில் பாதி நாற்காலி காலி. அப்பாவைத் தேடினேன். அவரும் அவரோடு வேலை பார்த்த நான்கு பேரும் எழுந்து, வண்டி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தார்கள். அப்பாவின் கை சட்டைப்பையில் எதையோ தேடியது. வண்டிச் சாவி அங்கே இருந்து பல வருடங்கள் ஆகின்றன.