ஒரு நாட்டுக்குப் புதுத் தடுப்பூசி எப்ப வந்துச்சுன்னு சரியா குறிச்சு வைக்கிறது எப்படி

எங்க அக்காவ உசிலம்பட்டி பக்கம் கட்டிக் குடுத்திருக்கு, ரெண்டு பசங்க. பெரியவன் 2019ல பொறந்தான், அவன் தடுப்பூசி அட்டைல நிமோனியா ஊசிக்கு ஒரு தேதி கூட இல்ல. சின்னவன் 2022, அவனுக்கு ஒன்றரை மாசம், மூன்றரை மாசம், ஒம்போது மாசம்னு நர்ஸம்மா நீலப் பேனாவுல மூணு தேதி எழுதியிருக்காங்க. ஆனா உலகக் கணக்கைப் பாத்தீங்கன்னா இந்த ஊசி இந்தியாவுக்கு வந்தது 2017! அப்ப வந்தது இமாச்சல், அப்பறம் உ.பி., பீகார்ல சில மாவட்டம், அவ்வளவுதான், தமிழ்நாட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு வர 2021 ஆயிருச்சு. நடுவுல பிரைவேட்டுல போடணும்னா ஒரு டோஸே ஆயிரக்கணக்குல ஆகும், அக்காவுக்குக் கட்டுப்படியாகல.

அதனால ஏழை நாடுகளோட தடுப்பூசிக் கணக்கு எழுதுறவங்க "வந்த வருசம்"னு ஒரே கட்டம் போடாதீங்க. எக்செல்ல ஒரு நாட்டுக்கு ஒரு ஊசின்னா ஒரு வரி, அதுல சரக்கு வந்த தேதி, முதல் டோஸ் போட்ட தேதி, எந்தெந்த மாவட்டம், நாடு முழுக்க எப்ப, இப்படித் தனித்தனியா வைங்க. கேமரூன் மலேரியா ஊசிய எடுத்துக்கங்க, 2023 நவம்பர்ல 3,31,200 டோஸ் ஏர்போர்ட்ல வந்து எறங்குச்சு, போட்டோவெல்லாம் வந்துச்சு, ஆனா முதல் புள்ளைக்குப் போட்டது 2024 ஜனவரில, அதுவும் 42 மாவட்டத்துல மட்டும். இதையே உலகத்துலயே முதல்னு எழுதிட்டா அதுவும் தப்பு, ஏன்னா மலாவி, கானா, கென்யா மூணுலயும் 2019லயே சோதனை முறையில சில ஏரியால ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்காகவே "சோதனையா, வழக்கமான திட்டமா"ன்னு இன்னொரு கட்டம் கட்டாயம் வேணும்.

எங்க தேடுறதுன்னா உலக சுகாதார நிறுவனத்தோட தடுப்பூசி டேட்டா பக்கம், ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்க உதவுற கவி (Gavi) கூட்டணியோட அறிவிப்பு, அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்துற வியூ ஹப் (VIEW-hub)ங்கிற தடுப்பூசி வெப்சைட், இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. தேதி இடிச்சுச்சுன்னா அந்த நாட்டு சுகாதாரத் துறை சொன்னதைத் தேடிப் படிங்க, முக்காவாசி ஒருத்தர் சோதனைய எண்ணியிருப்பாங்க, இன்னொருத்தர் எண்ணியிருக்க மாட்டாங்க.

ஜூலை மாசம் மறக்காம உக்காரணும். ஒண்ணாம் தேதி உலக வங்கி எந்த நாடு எந்த வருமானப் பிரிவுன்னு மாத்தும், உங்க ஏழை நாட்டு லிஸ்ட்டும் அதோட மாறலாம், நடு மாசத்துல எத்தன சதவீதப் புள்ளைகளுக்கு ஊசி போய்ச் சேந்துச்சுன்னு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் போன வருசக் கணக்கை விடுவாங்க, கூடவே பழைய வருச நம்பரையும் திருத்துவாங்க, அதனால டவுன்லோடு பண்ணுன தேதிய ஃபைல் பேர்லயே போட்டு வைங்க, பழைய ஃபைல அழிக்காதீங்க.

எந்த மாவட்டம்னு தெரியலன்னா அந்தக் கட்டத்தைக் காலியா விடுங்க, "நாடு முழுக்க"ன்னு மட்டும் நிரப்பிறாதீங்க. எங்க பெரியவன் மாதிரி புள்ளைகெல்லாம் அந்தக் கட்டத்துலதான் காணாமப் போகுது.