விதையைக் காய வைக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

எல்லா விதையையும் காய வைத்து எடுத்து வைக்கலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. மாங்கொட்டையை மொட்டை மாடியில் நாள் கணக்கில் காய வைத்துவிட்டு, நட்டது முளைக்கவில்லை என்று வருந்துபவர்கள் நிறையப் பேர். அந்தக் கொட்டையின் ஓட்டைப் பிளந்து பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். கொழுகொழுவென்று இருக்க வேண்டிய பருப்பு சுருங்கிப் பழுப்பேறிக் கிடக்கும். மா, பலா, நாவல், ரப்பர், கோகோ விதைகளெல்லாம் ஈரமாகவே விழுந்து ஈரமாகவே முளைப்பவை. காய்ந்தால் செத்துவிடும். விதைகளை இப்படிக் காய்வதைத் தாங்குபவை, தாங்காதவை என்று 1973-இல் பிரித்துச் சொன்னவர் ஈ. எச். ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர். வேம்பும் காபியும் நடுவில் நிற்கின்றன. ஓரளவு உலர்த்தலாம், ஆனால் நெடுநாள் வைத்திருக்க முடியாது. பலாக்கொட்டை கிடைத்தால் அன்றைக்கே மண்ணில் வைத்துவிடுங்கள்.

சரி, நெல்லும் கத்தரியும் அவரையும் மட்டும் எப்படித் தாங்குகின்றன? சாதாரணமாக ஒரு செல்லிலிருந்து தண்ணீர் போய்விட்டால் அதன் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், புரதங்கள் உருக்குலையும். விதை இதற்குத் தாய்ச்செடியில் இருக்கும்போதே தயாராகிறது. செல்லுக்குள் தண்ணீர் இருந்த இடங்களைப் புரதமும் எண்ணெயும் நிரப்புகின்றன. சுக்ரோஸ், ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகள் சேருகின்றன. முதிர்ச்சியின் கடைசிக் கட்டத்தில் மட்டும் உருவாகும் தனி வகைப் புரதங்கள் மற்ற புரதங்களைக் கட்டிக்காக்கின்றன. ஈரம் இறங்க இறங்க, இந்தச் சர்க்கரை எல்லாம் கடலை மிட்டாய்ப் பாகு மாதிரி கண்ணாடியாக இறுகிவிடுகிறது. அந்த இறுக்கத்துக்குள் எதுவும் எளிதில் அசைவதில்லை, அதனால் எதுவும் சீக்கிரம் கெடுவதும் இல்லை. இஸ்ரேலின் மசாடா கோட்டை அகழ்வில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டு பழைய பேரீச்சங்கொட்டை ஒன்று 2005-இல் முளைத்ததற்கு, அந்தப் பாலைவனத்தின் வறட்சி பெரிய உதவி.

இந்தத் தயாரிப்பு கடைசியில்தான் நடக்கிறது என்பதால், அவசரப்பட்டுப் பறிப்பது பெரிய தவறு. சமையலுக்குப் பறிக்கும் பருவத்துக் கத்தரிக்காயில் விதை இருக்கும், ஆனால் உயிர் பிழைக்கும் பக்குவம் இருக்காது. காய் முழுக்க மஞ்சளாகிப் பழுக்கட்டும். வெண்டையும் அவரையும் செடியிலேயே நெற்றாகி, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரட்டும். மழை வந்துவிடும் என்று பயமாக இருந்தால் விதையை மட்டும் உரித்து எடுக்காமல், நெற்றோடு பறித்து நிழலில் தொங்கவிடுங்கள். மெதுவாகக் காய்ந்தால் பாதியில் நின்ற தயாரிப்பைத் தொடர விதைக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

அப்புறம் வெயில். ஈர விதையை உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையிலோ தகரத்திலோ பரப்புகிறார்கள். ஈரம் அதிகமுள்ள விதைக்குச் சூடு ஆகவே ஆகாது. முதலில் நிழலில் காற்றாட விட்டு, பிறகு காலை வெயிலிலும் சாயங்கால வெயிலிலும் பாய் போட்டுக் காய வைத்தால் போதும்.

காய்ந்தது போதுமா என்று பார்க்காமல் டப்பாவில் போட்டு மூடுவதால்தான் அருமையான நாட்டு விதைகள் பல வீடுகளில் சத்தமில்லாமல் செத்துப்போகின்றன. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விதையோடு நன்றாகக் காய்ந்த தூள் உப்பைப் போட்டுக் குலுக்கிச் சிறிது நேரம் வையுங்கள். உப்பு கட்டிதட்டிப் பாட்டிலில் ஒட்டினால் இன்னும் ஈரம் அதிகம். ஒட்டாவிட்டாலும் அது முதல் படி மட்டுமே. காய்கறி விதையை 8 சதவீத ஈரப்பதத்துக்கு அருகில் கொண்டுவந்தால்தான் காற்றுப்புகாமல் மூடலாம். ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது ஹாரிங்டன் என்ற விதை ஆய்வாளர் சொன்ன கணக்கு. சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. ஐப்பசி மழையில் திறந்து கிடக்கும் விதை, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இறுகியிருந்த பாகு இளகிவிடும். ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் பாட்டிலை வெளியே எடுத்ததும் திறக்க வேண்டாம். அறையின் சூட்டுக்கு வரும்வரை பொறுக்காவிட்டால் குளிர்ந்த விதைமேல் நீர் கோத்துக்கொள்ளும்.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய விதையை ஒரே முக்கில் சாகடிக்கவும் முடியும். வறவறவென்று காய்ந்த பீன்ஸ் விதையைக் குளிர்ந்த தண்ணீரில் அமுக்கிப் போட்டால், சவ்வுகள் பழைய நிலைக்குத் திரும்புவதற்குள் தண்ணீர் பாய்ந்து நுழைகிறது. ஊறிய விதையின் தோலை உரித்தால் பருப்பின் குறுக்கே கீறல்கள் தெரியும். உள்ளே இருந்த சர்க்கரையும் உப்புகளும் தண்ணீருக்குள் கசிந்து போயிருக்கும். பூஞ்சைக்கு அது விருந்து. ஈரத் துணியில் ஓரிரவு சுற்றி வைத்து, பிறகு ஈர மண்ணில் ஊன்றுங்கள்.

ஊறவைத்த விதையைத் திரும்பக் காய வைக்கலாமா என்று கேட்பார்கள். வேர் எட்டிப் பார்க்காதவரை பெரும்பாலும் தாங்கும். மானாவாரி நெல்லைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைப்பது அந்த இடைவெளியைப் பயன்படுத்தித்தான். வேர் நீண்டுவிட்டால் அது விதை இல்லை, இளஞ்செடி. காய்வதைத் தாங்கும் சக்தி அதோடு போய்விடும். நாற்றங்காலுக்குப் போக மிஞ்சிய முளைகட்டிய நெல்லை அடுத்த பட்டத்துக்கென்று காய வைத்து மூட்டை கட்டாதீர்கள். விதை நேர்த்தி மருந்து எதுவும் கலக்காததாக இருந்தால் கோழிக்குப் போடலாம்.