கொழும்பு ஈரத்தில் செடி உலர்த்துவது எப்படி

என் மருமகள், அதாவது அண்ணாவின் மகள், தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன வைகாசியில் ஒரு பெரிய பையோடு எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு வந்து, "மாமி, இருபது ஹெர்பேரியம் ஷீட் கேட்கினம். நான் செய்ததெல்லாம் பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு" என்று பையைக் கவிழ்த்தாள். ஹெர்பேரியம் ஷீட் என்றால் செடியை அழுத்தி உலர்த்தி, விவரம் எழுதி ஒட்டிய தாள். வீரகேசரிப் பக்கங்களுக்கு நடுவே சாம்பல் நிறப் பஞ்சாகப் பூஞ்சணம், கறுத்துப்போன இலைகள், உதிர்ந்த பூக்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் வயதில் நானும் இதையேதான் செய்தேன். செடிகளை அழுத்தி வைத்துவிட்டு நான்கு நாள் கல்யாண வீட்டுக்குப் போய் வந்தேன். விரிவுரையாளர் பொதியை ஒருமுறை முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்துவிட்டார்.

செய்முறைக் கையேடுகளில் "தாளுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்துக" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். காய்ந்த ஊருக்கு அது போதும். கொழும்பில் காற்றின் ஈரப்பதன் பகலிலேயே பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல், இரவில் 80ஐத் தாண்டும். இங்கே தாள் செடியிடமிருந்து மட்டுமல்ல, காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். அதனால் அழுத்துவதை விட உலர்த்துவதில்தான் கவனம் வேண்டும், அதுவும் முதல் இரண்டு நாளில்.

முதலில் எங்கே பறிப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். விகாரமகாதேவி பூங்காவில் கை வைக்க வேண்டாம். பெல்லன்வில அத்திடிய சரணாலயம், பெத்தகான, தியசரு போன்ற ஈரநிலங்களில் அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு புல்லும் பிடுங்கக் கூடாது. இருபது மாதிரிக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. எங்கள் ஒழுங்கையின் வடிகாலோரத்திலேயே குப்பைமேனி, நாயுருவி, கீழ்காய்நெல்லி, தொட்டாச்சிணுங்கி, இரண்டு வகைக் கோரை, பெயர் தெரியாத புற்கள் ஐந்தாறு இருக்கின்றன. பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் செவ்வரத்தையும் எக்ஸோராவும் எட்டிப் பார்க்கும். கேட்டால் தருவார்கள்.

காலை ஒன்பது மணிக்குப் பிறகு, பனியும் மழைநீரும் காய்ந்தபின் பறியுங்கள். அந்திமந்தாரைக்கு மட்டும் இது ஆகாது, அது பின்னேரம்தான் விரியும். பூ இல்லாத கிளை அரை மாதிரிதான், பூவும் காயும் சேர்ந்திருந்தால் மிக நல்லது. பூண்டு, அதாவது மரமாகாத சிறுசெடி, என்றால் வேரோடு எடுத்து மண்ணைக் கழுவித் துடையுங்கள். மரம் என்றால் ஒரு கிளை போதும், ஆனால் இலைகள் மாறிமாறி வருகின்றனவா, எதிரெதிரே வருகின்றனவா என்று தெரியும் அளவுக்கு நீளம் வேண்டும்.

பறித்த இடத்திலேயே எழுதுங்கள். மருமகளிடம் நான் கோபப்பட்டது இதற்காகத்தான். போனில் போட்டோ எடுத்திருந்தாள், கொப்பியில் ஒரு வரி இல்லை. காய்ந்த செடி உங்களுக்குச் சொல்லாத விஷயங்களைத்தான் முதலில் குறிக்க வேண்டும். பூவின் நிறம், மணம், கிள்ளினால் பால் வருகிறதா, செடியின் உயரம், நிழலா வெயிலா, மண் சேறா மணலா, பக்கத்தில் என்ன வளர்கிறது, திகதி, இடம். பென்சிலால் எழுதுங்கள், மை மழையில் ஓடிவிடும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் எண் கொடுங்கள். அந்த எண் உங்களுடையது, 1இல் தொடங்கி வாழ்நாள் முழுக்க ஏறிக்கொண்டே போக வேண்டும், அடுத்த வருடம் திரும்ப 1 என்று தொடங்கக் கூடாது. என்னுடையது இப்போது 412.

ஊர்ப் பெயரையும் கேட்டு எழுதுங்கள், யார் சொன்னார்கள் என்பதோடு. குப்பைமேனிக்குச் சிங்களத்திலும் குப்பமேனியதான். ஆனால் நம் பொன்னாங்காணி அவர்களுக்கு முகுணுவென்ன, வல்லாரை கொட்டுகொல. மரக்கறிக்கடை அக்காவுக்கு இவை இரண்டு மொழியிலும் தெரியும். தாவரவியல் படித்த நமக்குத்தான் தெரியாது.

இனி பிரஸ், செடியை நடுவே வைத்து அழுத்தும் இரண்டு பலகை. கடையில் விற்கும் மரப் பிரஸ் விலை கூட. பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் பக்கம் போனால் பிளைவூட் துண்டு வெட்டித் தருவார்கள். 45க்கு 30 சென்ரிமீற்றரில் இரண்டு, அரை அங்குலத் தடிப்பு, காற்றுப் போகப் பத்துப் பன்னிரண்டு துளை. கட்டுவதற்குப் பயணப்பெட்டி பெல்ட் இரண்டு. பாரத்துக்குப் புத்தகம் அடுக்குகிறவர்கள் உண்டு. நான் பெல்ட் பக்கம்தான். செடி வற்ற வற்றப் பொதி மெலியும், பெல்ட்டை இறுக்கிக்கொண்டே வரலாம்.

அடுத்தது தாள். சாதாரணப் பத்திரிகைத் தாள் நல்லது. வார இறுதி இணைப்பின் பளபளத் தாள் ஈரம் உறிஞ்சாது, அதைக் கடைக்காரருக்கே கொடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று செடிக்கு ஒருமுறை நெளிவு காட்போட் அட்டை ஒன்றை வையுங்கள், பழைய டிவிப் பெட்டியை வெட்டினால் நிறையக் கிடைக்கும். அட்டைக்குள் இருக்கும் நெளிவுக் குழாய்கள் குறுக்குவாட்டில், நீளப் பக்க விளிம்புகளில் வாய் திறந்திருக்க வேண்டும். இதில் கவனமாக இருங்கள், காற்று அதற்குள்ளால்தான் போகப் போகிறது.

செடியைத் தாளில் வைக்கும்போது ஓர் இலையையாவது திருப்பி அடிப்பக்கம் தெரிய வையுங்கள். நீளமான புல்லை வெட்டாமல் V அல்லது N வடிவில் மடியுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இலை கிடந்தால் சிலவற்றைக் கிள்ளலாம், ஆனால் காம்பை விட்டுவையுங்கள், அங்கே ஓர் இலை இருந்தது என்று தெரிய வேண்டும். செவ்வரத்தைப் பூ ஒன்றை நெடுக்காகப் பிளந்து, மகரந்தத்தாள்கள் சேர்ந்த குழாயும் அதற்குள் சூல்தண்டும் தெரிய அழுத்துங்கள். மல்வேசியே குடும்பத்தின் அடையாளமே அதுதான். எக்ஸோராவில் எதிரெதிர் இலைக்காம்புகளுக்கு நடுவே முக்கோணமாக இலையடிச்செதில் இருக்கும், அது ரூபியேசியே குடும்பத்தின் அடையாளம். பச்சையாக இருக்கும்போதே கைவில்லையால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், காய்ந்தபின் தேடினால் கண்தான் வலிக்கும். கோரையையும் புல்லையும் குழப்பிக்கொள்கிறவர்கள் தண்டை விரலிடையில் உருட்டிப் பாருங்கள். கோரை பெரும்பாலும் முக்கோணம், உருளாது. புல் உருளும், கணுவும் தெரியும்.

அழுத்தியாயிற்று. ஆறு மணித்தியாலத்தில் முதல் தாளை மாற்றுங்கள். செடி அப்போது துவண்டிருக்கும், மடங்கிய இலையை விரிக்க அதுதான் நேரம். அப்புறம் முதல் இரண்டு நாள் காலையும் மாலையும், பிறகு நாளுக்கு ஒருமுறை. ஈரத் தாளை எறிய வேண்டாம், பல்கனிக் கொடியில் போட்டு அயன் பண்ணித் திரும்பப் பாவிக்கலாம்.

இலை ஏன் கறுக்கிறது என்று மருமகள் கேட்டாள். கத்தரிக்காயை வெட்டி வைத்தால் கறுக்கிறதே, அதே கதைதான். கலம் மெல்ல மெல்லச் சாகும்போது புன்வெற்றிடம் என்ற நீர்ப்பைக்குள் இருந்த பீனோல் பொருட்கள் வெளியே கசிந்து, பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியத்தோடு சேர்கின்றன. ஒட்சிசன் கிடைத்ததும் கபில நிறம். மலைநாட்டில் தேயிலைக் கொழுந்தை நசுக்கிக் காற்றாட விடுவது இதே நொதியத்தை வேலை செய்ய வைக்கத்தான். தேத்தண்ணிக்கு அது வரம், நமக்குத் தொல்லை. நொதியம் வேலை செய்து முடிப்பதற்குள் நீரை எடுத்துவிட வேண்டும்.

அதற்கு நான் கண்ட வழி மேசை விசிறி. பிரஸை நீளப் பக்கம் கீழே இருக்கும்படி நிமிர்த்தி வைத்தால் அட்டையின் வாய்கள் தரையையும் கூரையையும் பார்க்கும், பயனில்லை. படுக்கப் போட்டு, நீளப் பக்கத்தை விசிறிக்கு நேரே காட்டுங்கள். காற்று நெளிவுகளுக்குள் புகுந்து மறுபக்கம் வரும், கையை வைத்தால் தெரியும். வீட்டில் ஏசி அறை இருந்தால் அங்கே செய்யுங்கள், ஏசி ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும். மருமகள் மைக்ரோவேவில் வைக்கலாமா என்றாள். பச்சை நிறம் நன்றாக நிற்கும்தான், ஆனால் டிஎன்ஏ சிதைந்துவிடும், பின்னால் யாரும் அதை ஆராய முடியாது. வெதுப்பியும் வேண்டாம், காற்றோட்டமில்லாத சூட்டில் செடி அவிந்துதான் போகும்.

காய்ந்ததா என்று பார்க்க இலையைக் கன்னத்தில் வையுங்கள். குளிர்ந்தால் இன்னும் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. மெல்லிய பூண்டுகள் நான்கைந்து நாளில் தயார், தடித்தவை பத்து நாள் எடுக்கும்.

ரணகள்ளி வேறு ஒரு சாதி. சிங்களத்தில் அக்கபான. பிரஸில் வைத்துப் பன்னிரண்டாம் நாள் திறந்தால் இலை விளிம்பில் குட்டிச் செடிகள் வேர்விட்டு நின்றன. "மாமி, இது இன்னும் சாகேல்லை!" என்று கத்தினாள். சாகாதுதான். இதன் இலைவாய்கள் பகலில் மூடி இரவில் திறக்கின்றன. இரவில் எடுத்த காபனீரொட்சைட்டை மலிக்கமிலமாகச் சேர்த்து வைத்துப் பகலில் செலவழிக்கும். காலையில் இலை புளிக்கும், பின்னேரம் புளிப்பிராது. இந்தியாவில் இருந்த தாவரவியலாளர் பென்ஜமின் ஹெய்ன் இதைக் கடித்துப் பார்த்தே 1800களின் தொடக்கத்தில் எழுதிவைத்தார். இப்படி நீரைக் காப்பதற்கென்றே பிறந்த இலையிடம் பத்திரிகைத் தாள் தோற்றுப்போகும். கொதிநீரில் பூவைத் தவிர்த்து இலை, தண்டை அரை நிமிடம் முக்கி எடுத்து, துடைத்து, பிறகு அழுத்துங்கள். கலச்சவ்வு செத்தால் நீர் தானாக வெளியேறும்.

ஒட்டுவது சின்ன வேலை. A3 அளவுத் தடித்த வெள்ளைத் தாளோ பிரிஸ்டல் போர்ட்டோ எடுங்கள், உலகத்து ஹெர்பேரியங்களின் தாளும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். பைண்டர் கம்மை நீர் கலந்து மெல்லியதாகப் பூசுங்கள், தடித்த தண்டுக்கு ஊசி நூலால் இரண்டு தையல். செலோடேப் கூடவே கூடாது, இரண்டு வருடத்தில் மஞ்சளாகிக் கழன்றுவிடும். உதிர்ந்த விதை, பூவை எல்லாம் ஒரு தாளில் மடித்துப் பொட்டலமாக மேல் மூலையில் ஒட்டுங்கள். காலிமுகத்திடல் கடலைக்காரர் மடிக்கும் நேர்த்தி வந்தால் போதும். வலது கீழ் மூலை லேபிளுக்கு.

குவாட்ரட் என்ற சதுரச் சட்டம் போட்டுச் சூழலியல் கள ஆய்வு செய்கிறவர்களும் இதைப் பழக வேண்டும். களத்தில் "புல் அ", "புல் ஆ" என்று எழுதிவிட்டு, அந்த இரண்டையும் ஒவ்வொன்று அழுத்தி வைத்தால்தான் பின்னால் பேராதனைத் தேசிய ஹெர்பேரியத்தில் ஒப்பிட்டுப் பெயர் சொல்லலாம். மாதிரி இல்லாத பட்டியலை யாரும் சரிபார்க்க முடியாது. 1670களில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி வைத்தியர் போல் ஹெர்மன் இதே கொழும்பு ஈரத்தில் உலர்த்தி ஒட்டிய செடிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. இலங்கையைக் கண்ணாலும் பாராத லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியது அந்தத் தாள்களை வைத்துத்தான். ஹெர்மனிடம் விசிறியும் இல்லை, ஏசியும் இல்லை. யார் தாள் மாற்றினார்களோ.

கடைசியாகப் பூச்சி. சிகரெட் வண்டும் வெள்ளிப்பூச்சியும் காய்ந்த பூவைத் தேடி வரும். முன்பு மெர்க்குரிக் குளோரைட் பூசுவார்கள், அது நஞ்சு, பழைய ஷீட்டுகளைத் தொட்டால் கை கழுவுங்கள். வீட்டில் பிரீசர் போதும். காய்ந்த ஷீட்டுகளைத் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் இறுக மூடி ஒரு வாரம் வையுங்கள். எங்கள் வீட்டில் மேல்தட்டு நண்டுக்கு, கீழ்த்தட்டு நாயுருவிக்கு என்று அம்மாவோடு ஒப்பந்தம். வெளியே எடுத்தபின் பையை உடனே பிரிக்க வேண்டாம். அரை நாள் மேசையில் கிடந்து அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் நம்மூர்க் காற்றின் நீரெல்லாம் அந்தக் குளிர்ந்த இலைகளில்தான் போய்ப் படியும்.