மாங்கூழ் ஆலையில் புது சூப்பர்வைசரா? ஆட்களை ஒரு குழுவாக்குவது எப்படி?

கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழ சீசன் தொடங்கினால் மாங்கூழ் ஆலைகளில் புது ஆட்கள் நிறையப் பேர் சேருவார்கள். பழுத்த பழம் காத்திருக்காது. அதனால் முன்பின் பழகாதவர்கள் முதல் நாளே சேர்ந்து ஓட வேண்டியிருக்கும். அந்தப் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால் இப்படிச் செய்து பாருங்கள்.

முதலில், தரம் பிரிக்கும் மேசை, கழுவும் தொட்டி, வெட்டும் இடம், டின் நிரப்பும் இடம் என எங்கே யார் நிற்கிறார்கள் என்று எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். பெயர் தெரிந்தால்தான் உதவி கேட்க வாய் வரும்.

அடுத்து, "நல்லாப் பாத்து எடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். சரியாகப் பழுத்த பெங்களூரா ரக மாம்பழம் ஒன்று, காம்படி கறுத்தது ஒன்று, பாதிதான் பழுத்த காய்வெட்டு ஒன்று என மூன்றையும் நறுக்கி மேசையில் வையுங்கள். தினமும் மாற்றுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: ஷிப்ட் மாறும் நேரம். போகிறவரும் வருகிறவரும் மெஷின் பக்கத்திலேயே பத்து நிமிடம் நின்று பேசட்டும். எது சரியாக ஓடவில்லை, எது பாதியில் நிற்கிறது, எதைக் கவனிக்க வேண்டும், இவ்வளவுதான். "சல்லடை அடிக்கடி அடைக்குதுங்கண்ணா, இந்த லோடுல நார் அதிகம்" என்று ஒருவர் சொன்னால், வருகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம் நோட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இது நடக்க, குறை சொல்பவருக்குப் பயம் இருக்கக் கூடாது. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதல்ல, தயங்காமல் வெளியே சொன்னார்கள் என்பதே அவர் தந்த விளக்கம். ஆகவே "ஒரு போல்ட்டைக் காணோம்" என்று ஓர் அக்கா வந்து சொன்னால், உடனே லைனை நிறுத்துங்கள். சொன்னதற்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள். போல்ட்டைத் தேடி எடுத்த பிறகு, எப்படிக் கழன்றது என்று கேளுங்கள். "யார் பண்ணது?" என்று ஆரம்பித்தால் அடுத்த போல்ட்டைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஷிப்ட் மாறும்போது என்ன சிக்கல் என்று கேட்டால், முதல் சில நாள் "ஒண்ணுமில்லைங்க" என்றுதான் பதில் வரும். அன்று நீங்கள் பார்த்த ஒரு சிக்கலை நீங்களே முதலில் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்.